என் நாத்தனாரின் மூன்று பொத்தான்கள்

மார்ச் 4
தையல் கடையை அடைத்துவிட்டு ஓட்டமாய் ஓடியும் இந்த ஊர் மொழி கற்றுத்தரும் மாலை வகுப்புக்குத் தாமதம். நாத்தனார் வழக்கம்போலக் கடைசி பெஞ்சில். என்ன கேட்டாலும் தலையாட்டல்தான். டாக்டரிடம், பேங்கில், எங்கே போனாலும் எனக்குத் தெரிந்த அரைகுறையில் அவளுக்காக நான்தான் பேசுகிறேன். முதியோர் இல்லத்தில் வேலை காலியாம். நேர்காணலில் அவளே இந்த ஊர் மொழியில் பேச வேண்டுமாம். அண்ணன் வீட்டில் எத்தனை நாள் என்று அவளுக்கும் இருக்காதா? ஆனால் இந்த லட்சணத்தில் யார் கொடுப்பார்கள்?

மார்ச் 6
டீச்சர் புதிதாய் ஒன்று ஆரம்பித்திருக்கிறார். நாலு நாலு பேராய் உட்கார வைத்து ஆளுக்கு மூன்று பொத்தான். பேசினால் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். தீர்ந்தால் வாயைத் திறக்கக் கூடாது. எல்லார் கையும் காலியானால்தான் குழு எழுந்திருக்கலாம்.
என்னுடையது மூச்சு விடுவதற்குள் தீர்ந்தது. அவளுடையது அப்படியே மூன்று. எங்கள் குழுவில் இருக்கும் பேக்கரிக்காரர் கடிகாரத்தையே பார்க்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இது பாடமா, தண்டனையா?

மார்ச் 11
இன்றும் அதே கூத்து.

மார்ச் 13
பொறுக்க முடியவில்லை. அவள் பொத்தானில் ஒன்றை நானே எடுத்து நடுவில் வைத்து, அவளுக்காகப் பேச ஆரம்பித்தேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"அது என் பொத்தான். நான் பேசுவேன்."
இந்த ஊர் மொழியில்! முழுசாய்! பேக்கரிக்காரர் கை தட்டினார். எனக்கு முகம் செத்துப்போயிற்று. நல்லது செய்யப் போனால் எனக்கு இதுதானா?

மார்ச் 14
தூக்கமில்லை. அவள் பேசட்டும் என்று எங்கேயாவது விட்டிருக்கிறேனா? — வேண்டாம், யோசித்தால் தலை வலிக்கிறது.

ஏப்ரல் 3
பேசுகிறாள். ஆனால் நடுவில் நின்றுவிடுகிறாள், நீளமாய். அவள் தேடுகிற வார்த்தை என் நாக்கு நுனியில் துடிக்கிறது. பேக்கரிக்காரர் முழங்கையால் இடித்து, "பொறுங்கம்மா, அவங்களே சொல்லுவாங்க" என்றார். சொன்னாள். பாவி, என்னைப் படுத்திவிட்டுத்தான் சொன்னாள்.

ஏப்ரல் 17
நேர்காணல். "நீங்க வெளியிலயே இருங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்; அரை மணியில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.
"திங்கட்கிழமை வரச் சொல்லிட்டாங்க!" கட்டிக்கொண்டு அழுதேவிட்டேன்.
"என்ன கேட்டாங்க?"
"பேசவே சிரமப்படுற பெரியவங்களை எப்படிப் பாத்துக்குவீங்கன்னு கேட்டாங்க."
"நீ என்ன சொன்னே?"
"பக்கத்துல உக்காந்திருப்பேன், அவங்களுக்குப் பதிலா நான் பேசிட மாட்டேன்னு சொன்னேன் அண்ணி."
குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் சுருக்கென்றது.
பஸ் ஏறினோம். எங்கே போக வேண்டும் என்று கண்டக்டர் கேட்டார். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அவளே சொல்லி இரண்டு டிக்கெட் வாங்கினாள்.