நிற்காமல் பதினைந்து நாள்

8 டிசம்பர் 2024, ஞாயிறு. வால்பாறை

பாயிலர் இன்றும் காலை ஐந்து மணிக்குச் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. பட்டனை நான்கு முறை அமுக்கியும் பர்னர் பற்றவில்லை. சுவரெல்லாம் ஈரம். இவர் போர்வைக்குள் உட்கார்ந்து இழுத்து இழுத்து மூச்சு விடுகிறார். கேட்டால் "ஒண்ணுமில்ல அம்மணி" என்கிறார். அந்த ஒண்ணுமில்லை சமையலறை வரைக்கும் கேட்கிறது.

பழைய வீடு. எங்களுக்கு முன்னால் இருந்தவர் டீ பாக்டரி இன்ஜினீயர். இலை காயவைக்கிற இடத்தில் சும்மா கிடந்த சின்ன டீசல் பர்னரைக் கொண்டுவந்து, பாயிலர் கட்டி, மூன்று அறைக்கும் சுடுதண்ணீர்க் குழாய் ஓட்டி, ரேடியேட்டர் மாட்டியிருக்கிறார். மகராசன்! ஓடுகிற நாளில் வீடு கோயமுத்தூர் மாதிரி இருக்கும். ஓடாத நாளில்தான் வம்பு. கரண்ட் ஹீட்டர் போடலாம் என்றால் சாயங்காலமானால் வோல்டேஜ் படுத்துக்கொள்ளும். விறகு மூட்டினால் இவருக்குப் புகை ஆகாது.

9 டிசம்பர், திங்கள்

வம்சி போன் செய்தான். கோயமுத்தூரில் இருந்துகொண்டு எங்கள் மகன் தினமும் இதே பாட்டு.

"டாக்டர் என்னம்மா சொன்னாரு? ஈரம் ஆகாதுன்னாரில்லீங்க? தையில வீட்டை வித்துப்போட்டுத் துடியலூர் வந்துருங்க. வாங்கறதுக்கு ஆள் இருக்குது."

நான் எகிறினேன். அவனும் விடவில்லை. "போன மழைக்கு அப்பாவைப் பொள்ளாச்சி ஆஸ்பத்திரில நாலு நாள் வெச்சிருந்தீங்க. எனக்கு அஞ்சாம் நாள்தானே சொன்னீங்க?"

தப்பு என் பக்கம் இருந்தால் எனக்கு ரோஷம் அதிகமாக வரும்.

"சரி கண்ணு. பாயிலர் பதினஞ்சு நாள் ஒருக்காக்கூட நிக்காம ஓடுனா?"

"ஓடுனா நான் வாயே திறக்க மாட்டேனுங்க."

"நின்னா?"

"நின்னா நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

சரி என்று சொல்லிவிட்டேன். இவரைக் கேட்கவில்லை. போனை வைத்த பிறகு பார்த்தால், இவர் ஜன்னல் வழியாகத் தன் கேரட் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். பேங்க் வேலையில் ஊர் ஊராகச் சுற்றிய மனுஷன். முதல் தடவையாக ஒரு இடத்தில் வேர் விட்டிருக்கிறார். அதை வைத்துப் பந்தயம் கட்டிவிட்டேனே?

14 டிசம்பர், சனி

மாரப்பன் வந்தார். பாக்டரியில் பர்னர் பார்க்கிறவர். பேச்சு குறைவு. எனக்கு அது பிடிக்காது, ஆனாலும் வேலை சுத்தம். டீசலைப் பீய்ச்சுகிற நாசில் அடைத்திருந்தது, மாற்றினார். நெருப்பு எரிகிறதா என்று பார்க்கிற கண் ஒன்று உண்டு, அதில் ஒரு விரல் கனத்துக்குக் கரி. துடைத்தார். ஒரே அமுக்கு. குப்பென்று பற்றியது.

15 டிசம்பர், ஞாயிறு

நாளை மார்கழி ஒன்று. நாளையிலிருந்து கணக்கு. ராத்திரி நாங்களே அணைப்பது சேராது, காலையில் ஒரே அமுக்கில் பற்ற வேண்டும்.

காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால், டேங்கிலிருந்து டீசல் வரும் குழாயில் பில்டர் பக்கத்து ஜாயிண்ட் லேசாக ஈரம். நேற்றே மாரப்பன் சொன்னார், "செம்பு வாஷர் பொள்ளாச்சிலிருந்து வரோணுங்கம்மா. அதுவரைக்கும் தாங்குமுங்க." அதுவரைக்குமாம்! மோட்டார் பம்ப் கம்பெனியில் இருபத்தேழு வருஷம் டெஸ்டிங்கில் இருந்தவளிடம் இந்தப் பேச்சா? நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பம்ப் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

நானே கழற்றினேன். மரையில் சணல் சுற்றி, வெள்ளை பெயிண்ட் தடவி, ஸ்பானரில் ஒரு மூச்சு. கிணற்று மோட்டாருக்குக் கோயமுத்தூரே இப்படித்தான் போடும். ஈரம் போயே போச்சு. இவர் டீ டம்ளரோடு வந்து நின்று, "டெஸ்டிங் மேடம், பாஸா?" என்றார். பாஸ் என்றேன்.

16 டிசம்பர், திங்கள்

முதல் நாள். ஓடியது. வம்சிக்கு வாட்ஸப்பில் ஒரே வார்த்தை: "ஓடுது."

20 டிசம்பர், வெள்ளி

ஐந்தாம் நாள். வெளியே கை விறைக்கிறது, உள்ளே இவர் பனியனோடு பேப்பர் படிக்கிறார். தலைகால் புரியவில்லை எனக்கு.

24 டிசம்பர், செவ்வாய்

ஒன்பதாம் நாள். காலை ஐந்து மணி. சிவப்பு விளக்கு.

அட சாமி.

அமுக்கினேன். இல்லை. மறுபடி. இல்லை. மூன்றாவது தடவை இருமிக்கொண்டே பற்றியது. அப்புறம் நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை.

இவர் பின்னால் நின்றிருந்தார். "ஓடிருச்சில்ல? அவன்கிட்ட எதுக்குச் சொல்லிக்கிட்டு?"

வம்சிக்கு அனுப்பினேன்: "ஓடுது." பொய் இல்லையே? அந்த நேரத்தில் ஓடிக்கொண்டுதானே இருந்தது? யாரைக் கேட்கிறேன் நான்.

25 டிசம்பர், புதன்

மறுபடி அதே மாதிரி. நான்கு அமுக்கு. மறுபடி "ஓடுது."

மாரப்பனை வரவழைத்து வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். என்ன நாசில் போட்டீர், ஒன்பது நாள் தாங்கவில்லையே என்று. அவர் கழற்றிப் பார்த்துவிட்டு, "நாசில் நல்லாருக்குதுங்கம்மா. ராத்திரி நின்னா டீசல் டேங்குக்கே திரும்பி இறங்குது. எங்கியோ காத்து இழுக்குதுங்க" என்று பில்டர் பக்கம் குனிந்தார். ஜாயிண்டைத் தொட்டு, "இது ஆரு பூட்டுனது?" என்றார்.

கேட்டுவிட்டாரே! என்னைப் பார்த்து! "என்ற கை பூட்டுன ஜாயிண்ட்ல காத்தா? நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்று கத்திவிட்டேன். அவர் ஸ்பானரைத் துடைத்துப் பையில் போட்டார். "வாரேனுங்க" என்று போய்விட்டார்.

26 டிசம்பர், வியாழன்

ஏழு தடவை அமுக்கினேன். பத்து மணிக்குத்தான் பற்றியது. இவருக்கு இழுப்பு. இன்ஹேலர் மருந்தை வாயில் அடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தே இருந்தார்.

மூன்றாவது "ஓடுது." விரல் கூசியது.

27 டிசம்பர், வெள்ளி

எழுதிவிடுகிறேன், அப்போதுதான் ஆறும்.

காற்று எங்கே இழுக்கிறது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன். குழாய்க்குள் காற்று போவது கண்ணுக்குத் தெரியாது. அதனால் இவருடைய ஷேவிங் நுரையை எடுத்துக்கொண்டேன். பர்னர் டீசலை இழுக்கும்போது எல்லா ஜாயிண்டிலும் நுரையை அப்பினேன். எது ஓட்டையோ அது நுரையை உறிஞ்சும்.

இவர் மப்ளர் சுற்றிக்கொண்டு டார்ச் பிடித்தார். டேங்க் ஜாயிண்ட், நுரை அப்படியே நின்றது. மாரப்பன் போட்ட பம்ப் ஜாயிண்ட் இரண்டும் அப்படியே. கடைசியாகப் பில்டர் பக்கம். என் ஜாயிண்ட். நுரையில் ஊசி முனையளவு ஒரு குழி விழுந்தது. பார்க்கப் பார்க்க அது பெரிதாகி, நுரை மொத்தமும் உள்ளே போனது.

இவர் டார்ச்சை அணைத்துவிட்டார். என் மூஞ்சியைப் பார்க்க வேண்டாம் என்றுதான்.

கழற்றினால் வெள்ளை பெயிண்ட் டீசலில் கரைந்து கூழாகக் கிடக்கிறது. சணல் தண்ணீர் பட்டால் ஊதும், ஊதி ஓட்டையை அடைக்கும். டீசலில் ஊதாது. தண்ணீர் பம்ப்பிலேயே ஊறிப்போனவளுக்கு இது தோன்றவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கினதுகூடப் பெரிதில்லை, சறுக்கின பழியை அந்த மனுஷன் தலையில் போட்டேனே?

மத்தியானம் மாரப்பன் வீட்டுக்குப் போனேன், தொழிலாளிகள் இருக்கிற பாக்டரி லயன் வீட்டுக்கு. அவர் வீட்டம்மா காளியாத்தாள் நாற்காலி போட்டார், நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்: "என்ற ஜாயிண்ட்தான் மாரப்பன். நான் பேசுனது தப்புங்க."

அவர், "வாஷர் நேத்தே வந்துருச்சுங்கம்மா. நீங்க கூப்புடோணுமேன்னு இருந்தேன்" என்று சட்டையை மாட்டினார். கோபம் இருந்திருக்கும். காட்டவில்லை. பெரிய மனுஷன்.

நான்கு மணிக்குச் செம்பு வாஷர் போட்டாயிற்று. நுரை போட்டுப் பார்த்தோம். அசையவில்லை.

அப்புறம் வம்சி. அதுதான் கஷ்டம். தோற்றால் இந்த வீடு போகும், இவருடைய பாத்தி போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இவர், "வேண்டாம் அம்மணி" என்று ஒரு தரம்தான் சொன்னார். ஓடாத பம்ப்புக்கு நான் ஓடியதென்று கையெழுத்துப் போட்டதே இல்லைங்க, மூணு நாளா அதைத்தான் பண்ணிக்கிட்டு இருக்கறேன் என்றேன். அதற்குப் பிறகு தடுக்கவில்லை. வம்சிக்குப் போன் போட்டேன்.

"கண்ணு, செவ்வாக்கிழமையே நின்னுபோச்சு. மூணு நாளும் உனக்குப் பொய் அனுப்பிச்சேன். நேத்து அப்பாவுக்கு இழுப்பு வந்துச்சு. என்ற தப்பு. பந்தயம் தோத்தாச்சு."

"சரிங்கம்மா. பொங்கலுக்கு வாரேன். வாங்கறவரையும் வரச் சொல்லிப்போடறேன்."

சோறு இறங்கவில்லை. ஆனாலும் தலை நிமிர்ந்துதான் இருக்கிறது.

28 டிசம்பர், சனி

ஒரே அமுக்கு. யாருக்காகவும் இல்லை, நானே முதலிலிருந்து எண்ணுகிறேன். டெஸ்டிங்கில் நடுவில் நின்றால் பூஜ்யத்திலிருந்துதான். ஒன்று.

4 ஜனவரி 2025, சனி

எட்டு. மாரப்பன் டீ குடிக்க வந்தார். இப்போது கொஞ்சம் பேசுகிறார்.

11 ஜனவரி, சனி

பதினைந்து! ஒரு நாள்கூட நிற்கவில்லை. மெக்கானிக், இன்ஜினீயர், எவன் வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும். வம்சிக்குச் சொல்லவில்லை. தோற்ற பிறகு அவனிடம் என்ன பேச்சு? ஆனால் இவரிடம் நாலு தடவை சொன்னேன், அஞ்சாவது தடவை காதைப் பொத்திக்கொண்டார்.

14 ஜனவரி, செவ்வாய். பொங்கல்

நேற்று வம்சியும் மருமகள் பிரீத்திகாவும் வந்தார்கள். வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒப்புட்டுப் போளி தட்டினேன், தின்றார்கள்.

இன்று பதினோரு மணிக்கு வாங்குகிறவர் கார் வந்தது. ஈரோட்டுக்காரர், மஞ்சள் மண்டி வைத்திருக்கிறார். நல்ல மாதிரி. சுற்றிப் பார்த்துவிட்டுப் பாயிலர் ரூமுக்கு வந்தார். "இது நம்பி இருக்கலாமுங்களா?"

நான் வாயைத் திறக்கக் கூடாது அல்லவா? பேசாமல் நின்றேன். வம்சிதான் சொன்னான்.

"பதினெட்டு நாளா நிக்காம ஓடுதுங்க. அதுக்கு முன்னால நின்னுச்சு. ஏன் நின்னுச்சுன்னு எங்கம்மாதான் கண்டுபுடிச்சாங்க."

பதினெட்டு என்று இவனுக்கு எப்படித் தெரியும்? திரும்பிப் பார்த்தேன். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பனும் மகனும் தினமும் பேசியிருக்கிறார்கள்!

"அப்ப விலையைப் பேசிக்கலாமுங்களா?" என்றார் அவர்.

"மன்னிச்சுக்குங்க. விக்கறதில்லைங்க. உங்களை அலைய விட்டுப்போட்டேன், பொங்கச் சோறு சாப்பிட்டுத்தான் போகோணும்" என்றான் வம்சி.

அவர் சிரித்துவிட்டார். சாப்பிட்டுத்தான் போனார். கார் போன பிறகு வம்சியைப் பிடித்தேன். தோத்தது தோத்ததுதானே, நான் ஒன்றும் இரக்கம் கேட்கவில்லை என்று சண்டைக்கே போனேன்.

"அம்மா, எனக்குப் பாயிலர் பயமில்லீங்க. மேல என்ன நடந்தாலும் நீங்க ரெண்டு பேரும் மறைப்பீங்கன்னுதான் பயம். அன்னைக்கு நீங்களே கூப்பிட்டுச் சொன்னீங்கல்ல? கோவத்துல ஆளை வரச் சொல்லிப்போட்டேன், இங்க வந்து உங்களைப் பார்த்ததும் அதை நெனைச்சு என்ற பயம் போயிருச்சு. இனி நீங்க இங்க இருக்கலாம்."

அழுதேன். பிரீத்திகா பார்க்கிறாள் என்றுகூட நினைக்கவில்லை. பெருமையில் அழுதேன் என்றே எழுதிக்கொள்கிறேன். இருபத்தேழு வருஷம் போட்ட அத்தனை கையெழுத்தும் ஒரு பக்கம், அன்றைக்கு அந்தப் போனை எடுத்தது ஒரு பக்கம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பனும் மகனும் ரேடியேட்டர் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்துவிட்டார்கள், ஸ்வெட்டர் இல்லாமல். வெளியே பனி மூடிக் கிடக்கிறது. கதவோரம் நின்று கொஞ்ச நேரம் காது கொடுத்தேன். வம்சி குறட்டை விடுகிறான். இவர் மூச்சு சத்தமே இல்லாமல் வந்து போகிறது.