பாப்பாவின் தலையில் துடிக்கும் இடம்

அன்புள்ள ஜனனிக் கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே நெருப்பெரிச்சல் ஊரில் நான் சுகம். டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் பிறந்த பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும், வேறு நினைப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பாப்பாவின் தலையைக் காட்டி, இங்க துடிக்குதே, இதுக்கு நம்மூர்ல என்னம்மா பேரு, நர்ஸ் கேக்கறாங்க என்றாய். கட் ஆனது சிக்னலால் இல்லை கண்ணு. நான்தான் வைத்தேன். சொல் வாயில் வரவில்லை. எழுதினால் வருமா என்று பார்க்கிறேன்.

காற்றாலை வேலையில் ஏணி ஏறி முடிந்ததும் உன் அப்பா எனக்குப் போன் செய்வார். உச்சிக்கு வந்துட்டேன் புள்ள, உன்ற கம்பெனி தெரியுது, கைய ஆட்டு என்பார். பல்லடத்துக் காற்றாலையிலிருந்து இது எப்படித் தெரியும். பொய்தான். ஆனாலும் பனியன் கம்பெனி மொட்டைமாடிக்குப் போய் ஆட்டுவேன். அவருடைய கடைசி நாளும் ஆட்டினேன். ஆட்டிக்கொண்டிருக்கும்போதே போனில் காற்று மட்டும் கேட்டது.

பிறகு அந்தச் சொல் நம் வீட்டில் இல்லை. உனக்குத் தலை வாரும்போது நடு வகிடு என்றேன். நண்பகலை மத்தியானம் என்றேன். பாடத்தில் மலை உச்சி படித்திருப்பாய், அது தலையிலும் இருப்பது உனக்குத் தெரியாமலே போயிற்று. இப்போதும் பன்னிரண்டு மணிக்கு நிழல் காலடியில் சுருளும்போது, அணைத்து வைத்த போன் பையில் அதிர்கிறது. மாடிக்குப் போகிறேன். என்னோடு செக்கிங் பார்க்கும் மூக்கம்மாள் சிவகங்கைப் பக்கம், உச்சி நேரத்துல தலைய விரிச்சுப் போட்டு நிக்காதக்கா, பேய் அடிச்சிரும், அப்புறம் அந்தப் பேய யாரு காப்பாத்துறது என்கிறாள். சிரித்துவிட்டேன். சிரித்ததும் அழுகை வந்தது.

நேற்று அகராதிகளில் தேடினேன். முகடு, நண்பகல், வகிடு, நடுத்தலை, எல்லாவற்றுக்கும் அந்தச் சொல் ஒன்றே. வடசொல் உச்சத்தின் உறவு என்கிறது ஒன்று, நம் சொல்தான் என்கிறது இன்னொன்று. எனக்கு அது காற்று இரைகிற போனிலிருந்து வந்தது.

உச்சி, கண்ணு. உச்சிக்குழி. எலும்பு இன்னும் மூடாத இடம். அழுத்தாதே, குளிப்பாட்டும்போது விரல் பதமாக இருக்கட்டும். தூங்கும்போது அங்கே மோந்து பார், எனக்காக ஒரு தடவை. என் பேத்தி உச்சி குளிர வளரட்டும்.

மறக்காதே, வருகிற ஞாயிறு நம் ஊர் உச்சிப் பொழுதுக்குக் கூப்பிடு, உனக்கு அப்போது காலை. வீட்டு மாடியில் நிற்பேன். கையை ஆட்டுவேன். பாப்பாவின் கையைப் பிடித்து நீயும் ஆட்டு.

உன் அம்மா
சித்ரகலா