நான் காணாத கனவு

ஜூலை 13, திங்கள்

இன்று முப்பத்தெட்டு மாடு. வலது தோள் கழன்று விழுகிற மாதிரி வலி.

எலும்பு பிரிக்கிற பக்கம் மச்சான் இன்றும் வரவில்லை. மூன்றாவது நாள். எங்கள் மேஸ்திரிக்கு அவர் தொண்டைக்காகச் சங்கு என்று பேர் வைத்திருக்கிறோம். அறுப்புக்கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி என்னிடம் கத்தினார்: "உன் தங்கச்சி புருஷன் என்ன, எலும்பில்லாம படுத்துட்டானா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். தங்கச்சி போனை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அத்தா முக்காலி போட்டு வாசல் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். தெருவில் அத்தனை கதவும் பழுப்பாகக் கிடக்க, எங்கள் கதவு மட்டும் கிளி மாதிரி பச்சை. இரண்டு வருஷமாக வாரம் தவறாமல் துடைக்கிறார். நான் அந்தக் கதவைப் பார்க்காமல் குனிந்து உள்ளே போய்விடுவேன். ஏன் என்று இந்த நோட்டில்கூட எழுதியதில்லை.

ஜூலை 14, செவ்வாய்

தங்கச்சியின் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது.

அவள் பக்கத்து வீட்டுக்காரம்மாதான் போன் செய்தார். அம்மாவும் நானும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் வாயைத் திறக்க முடியாது. எது குடித்தாலும் உறிஞ்சுகுழலில்தான். "படியில விழுந்ததா கைய காட்டுறாங்க," என்றார் டாக்டர். அவருக்கே நம்பிக்கை இல்லை. அந்த வீட்டில் படியே கிடையாது.

டாக்டர் போனதும் தங்கச்சி என் சட்டைப் பையில் இருந்த பேனாவை உருவினாள். பில்லுக்குப் பின்னால் எழுதினாள். துவைத்த மச்சான் சட்டை காயவில்லை. அதற்குத்தான். தீட்டுக்கோலால் அடித்திருக்கிறான், கத்தி தீட்டுகிற இரும்புக் கோல். கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்தது. கைப்பிடியில் அவன் பேரைப் பொறித்துக் கொடுத்தேன், அவ்வளவு பிரியம்.

ஜூலை 15, புதன்

கொல்லணும். வேற எதுவும் எழுத வரல.

ஜூலை 16, வியாழன்

வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். கன்னம் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கியிருக்கிறது. கூடத்தில் பாய் விரித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை அம்மா கட்டாகக் கொடுத்திருக்கிறார், எழுதிப் பேச.

போலீசுக்குப் போவோம் என்றேன். அத்தா கையெடுத்துத் தடுத்தார். "இது நாம பாத்த இடமா? இஸ்திகாரா தொழுது, அல்லாஹ் காட்டிக் குடுத்த இடம். அவன் காட்டுனது தப்பாப் போகுமா? பொறுத்தா சரியாகும். வீக்கம் வத்துனதும் மாப்பிள்ளைய வரச் சொல்லுவோம்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து குளிக்கப் போய்விட்டேன். தண்ணீரைத் திறந்துவிட்டுச் சுவரில் முட்டினேன், நாலு தரம்.

இங்கேயாவது எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவனுக்குப் பெண் கேட்டு வந்தபோது, "நீதான் அஞ்சு வேளையும் தொழுறவன், நீயே இஸ்திகாரா பாரு" என்றார் அத்தா. மூன்று நாள் இரண்டு ரக்அத் தொழுது, இந்தச் சம்பந்தம் நல்லதா என்று அல்லாஹ்விடம் வழி கேட்டுத் துஆ ஓதிப் படுத்தேன். பதில் கனவில் வரும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. முப்பது மாடு அறுத்துவிட்டுப் படுக்கிறவனுக்கு என்ன கனவு வரும்? குறட்டைதான் வந்தது. மூன்றாம் நாள் காலையில் அத்தா டீயைக் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது? அதுவுமில்லாமல் அவன் என் கூட்டாளி. ஒருமுறை கயிறு அறுத்துக்கொண்ட காளையின் காலடியிலிருந்து என்னை இழுத்துப் போட்டவன். அவன் மச்சானாக வந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசை.

சொன்னேன்: "ஒரு பச்சைக் கதவு அத்தா. தானாத் திறந்துச்சு. உள்ள ஒரே வெளிச்சம்."

அத்தா அழுதார். சாயங்காலமே பெயிண்ட் வாங்கி வந்துவிட்டார்.

ஜூலை 18, சனி

லுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் ஒரு தூணோரமாக நின்று இரண்டு ரக்அத் தொழுதேன். இஸ்திகாரா துஆவில் "இந்தக் காரியம்" என்கிற இடம் வரும். அங்கே நம் காரியத்தைச் சொல்ல வேண்டும். 'அவனைக் கொல்வது' என்று சொல்ல வாயெடுத்தேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்று தரம் முதலிலிருந்து ஓதிப் பார்த்தேன். அந்த இடத்தில் வந்து வந்து நின்றது.

தொழவைக்கிற ஹஜ்ரத் குழாயடியில் கசிகிற குழாய்க்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். புதிதாக வந்தவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஒருத்தனைக் கொல்ல இஸ்திகாரா தொழலாமா என்று கேட்டேவிட்டேன். ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"ஹராமுக்கு இஸ்திகாரா கிடையாதுங்க. ரெண்டு ஆகுமான விஷயத்துல எது நல்லதுன்னு கேக்குறதுக்குத்தான் அது. நீங்க வழி கேக்கல. கத்தியோட ஒரு பக்கத்த நீ பிடின்னு அல்லாஹ்வக் கூப்பிடுறீங்க."

கழுத்தைப் பிடிக்கலாம் போல வந்தது எனக்கு. பிறகு கல்யாணத்துக்குப் பார்த்த கனவைப் பற்றி, யாரோ ஒருவர் கதை மாதிரி, லேசாகக் கேட்டேன்.

"கனவு வரும்னு அந்த துஆவுல எங்க இருக்கு? காரியம் கெட்டதுன்னா அத என்னை விட்டுத் திருப்பு, என்னையும் அத விட்டுத் திருப்புன்னுதான் கேக்குறோம். கேட்டுட்டு விசாரிக்கணும், யோசிக்கணும், மனசு எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கணும். ஆமா, வாழப்போறது அந்தப் பொண்ணு. அது தொழுதுச்சா?"

தெரியாது என்றேன். உண்மையில் தெரியாது. வீட்டில் ஒருத்தரும் அவளைக் கேட்கவில்லை.

ஜூலை 20, திங்கள்

இடது முன்கையில் ஒன்பது தையல்.

அவன் வேலைக்கு வந்துவிட்டான். ஒன்றுமே நடக்காத மாதிரி ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தொடை எலும்பைப் பிரித்துக்கொண்டிருந்தான், அதே தீட்டுக்கோல் இடுப்பில். நான் நடந்து போனது நினைவில்லை. அவன் தலைமயிர் என் கையில் இருந்தது, முகம் மேஜையில் இருந்தது. இரண்டு தரம் மோதினேன். மூன்றாவதில் மூக்கு உடைகிற சத்தம் கேட்டது. சந்தோஷமாக இருந்தது. பொய் எழுதி என்ன ஆகப்போகிறது, ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

திரும்பி எலும்புக் கத்தியால் என் கையைக் கிழித்தான். ரத்தத்தைத் துப்பிக்கொண்டே சொன்னான்: "உன் கனவுதானேடா! அல்லாஹ் குடுத்தான், நான் வெச்சிருக்கேன். அடிப்பேன், உடைப்பேன். புதன்கிழமை வந்து கூட்டிட்டுப் போவேன். உன் அத்தாவே அனுப்பி வைப்பாரு, பாக்குறியா?"

சங்கு தரை கழுவுகிற குழாயை எடுத்து இரண்டு பேர் மூஞ்சியிலும் அடித்தார். நாய்ச் சண்டையைப் பிரிக்கிற மாதிரி. இரண்டு பேரையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஈரத்தோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

ஜூலை 21, செவ்வாய்

அத்தா அவனிடம் போனில் பேசுகிறார். "வாங்க மாப்பிள்ளை, நான் பேசிக்கிறேன்." மாப்பிள்ளையாம்.

கூடத்தில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டினேன். அறுப்புக் கத்தி, ஒன்றேகால் முழம். நகத்தில் வைத்துப் பார்த்தேன், போதவில்லை, மறுபடி கல்லில் தேய்த்தேன். தங்கச்சி எதிர்ச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு காலண்டர் தாளை நீட்டினாள்.

"மாட்டுக்கு முன்னாடி கத்தி தீட்டக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே. நான் பாத்துக்கிட்டிருக்கேன் அண்ணே."

கத்தியைக் கொல்லைப்புறம் எடுத்துப் போனேன். தீட்டுவதை நிறுத்தவில்லை.

ஜூலை 22, புதன்

வந்தான். அஸருக்கு முன்னால், வெயில் இறங்காத நேரம். மூக்கில் பிளாஸ்திரி. கையில் எலும்பு பிளக்கிற கோடாலி. ஜன்னலில் பார்த்ததும் நான் தாழ்ப்பாளைப் போட்டேன்.

"பொண்டாட்டிய அனுப்புங்க!" முதல் அடி கதவில் விழுந்தது. அம்மா அலறினார். தங்கச்சியால் அலற முடியாது. கட்டிய பல்லுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பதினாறு வருஷமாக அறுக்கிறேன், எந்த மிருகத்திடமும் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை.

அத்தா தாழ்ப்பாளை நோக்கிப் போனார். "கோபத்துல இருக்காரு. அனுப்பிட்டா அடங்கிடுவாரு. அல்லாஹ் காட்டுன—"

"அல்லாஹ் ஒண்ணும் காட்டல!" என்று கத்தினேன். "நான் எந்தக் கனவும் காணல அத்தா. கதவு, பச்சை, வெளிச்சம், எல்லாம் என் வாயில வந்தது. மூணு நாளும் பொணம் மாதிரி தூங்குனேன்!"

தாழ்ப்பாளில் அவர் கை அப்படியே நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத மாட்டேன்.

அடுத்த அடியில் பலகை பிளந்தது. சிராய் பறந்து அத்தாவின் புருவத்தைக் கிழித்தது. கதவைத் தள்ளிக்கொண்டு அவன் விழுந்தடித்து உள்ளே வந்தான். கோடாலியை ஓங்க இடம் இல்லை. நான் காலை வாரினேன். குப்புற விழுந்தவனைப் புரட்டி நெஞ்சில் முழங்காலை ஊன்றினேன். கோடாலிக் கையை மிதித்தேன். விரல் நொறுங்கியது. கத்தி எப்போது என் கைக்கு வந்தது என்று தெரியாது. கை பழக்கத்தில் தாடைக்குக் கீழே இடத்தைத் தேடிக்கொண்டது. அறுக்குமுன் அல்லாஹ் பேரைச் சொல்கிற பழக்கத்தில் வாயும் திறந்துகொண்டது.

"பிஸ்மில்லாஹ்—"

சத்தமாகச் சொல்லிவிட்டேன். அது என் காதில் விழுந்தது. அவன் காதிலும் விழுந்தது. அந்த வார்த்தைக்கு அடுத்து என்ன வரும் என்று அவனுக்கும் தெரியும். கண் வெளியே வந்துவிடும் போலப் பார்த்தான். அவன் கால்சட்டை நனைந்தது.

யார் பேரைச் சொல்கிறேன்? இதுக்கா? ஒரு பொய்யில் அந்தப் பேரை இழுத்தது போதாதா?

கை செத்துப்போனது. கத்தியை விடவும் முடியவில்லை, அழுத்தவும் முடியவில்லை. எவ்வளவு நேரமோ அப்படியே உட்கார்ந்திருந்தேன். டங் டங் என்று காதைப் பிளக்கிற சத்தம் மட்டும் கேட்டது. தங்கச்சி சாப்பாட்டுத் தட்டை ஜன்னல் கம்பியில் அடித்துக்கொண்டிருந்தாள். தெருவே ஓடி வந்தது. நாலு பேர் என்னைப் பிரித்து எடுத்தார்கள். ஆறு பேர் அவனைக் கட்டினார்கள்.

போலீஸ் வந்தது. படியில் விழுந்தாயா என்று அவளையும் கேட்டார்கள். இல்லை என்று தலையாட்டிவிட்டு, முழுப் பக்கம் எழுதிக் கொடுத்தாள்.

ஜூலை 23, வியாழன்

அத்தா என்னோடு பேசவில்லை. அம்மா சோற்றைத் தட்டில் போட்டு, தட்டைத் தரையில் தள்ளிவிட்டுப் போனார். ஒரு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 25, சனி

வாசலில் கதவு இல்லை. படுதா கட்டியிருக்கிறோம். காற்றடித்தால் தெரு முழுக்க உள்ளே வருகிறது.

தங்கச்சிக்குப் பால் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போதே கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. "அன்னிக்கு, கல்யாணத்துக்கு முன்னாடி, நீயும் இஸ்திகாரா தொழுதியா?"

ரொம்ப நேரம் உறிஞ்சினாள். பிறகு எழுதினாள். அந்தத் தாளை இங்கே ஒட்டி வைத்திருக்கிறேன்.

"ஏழு நாள் தொழுதேன். கனவெல்லாம் வரல. அவர் மொகத்த நெனச்சாலே நெஞ்சு அடைச்சுது. வேணாம்னு அத்தாகிட்ட சொல்லணும்னு வாசலுக்கு வந்தேன். அவர் கதவுக்குப் பெயிண்ட் அடிச்சிட்டு இருந்தாரு. அழுதுக்கிட்டே அடிச்சாரு. உனக்குக் காட்டிட்டான், எனக்குத்தான் புரியலன்னு நெனச்சுட்டேன்."

பதில் வந்திருக்கிறது. சரியான ஆளுக்கு, சரியான நேரத்தில் வந்திருக்கிறது. நான் அதன் மேல் பச்சை பூசிவிட்டேன்.

"என்னை அடி," என்றேன். அவள் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுப் பாயில் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். கத்தியை எடுத்தேன், திரும்ப வைத்தேன். பிஸ்மில்லாஹ் வாயில் வரவில்லை. பிஸ்மி சொல்ல வராதவன் அறுக்கக் கூடாது. சங்குவிடம் சொல்லித் தோல் பக்கம் மாறிவிட்டேன். நாளெல்லாம் தோலுக்கு உப்பு தேய்க்கிறேன். தையல் போட்ட இடம் எரிகிறது. எரியட்டும்.

ஆகஸ்ட் 28, வெள்ளி

நேற்றுக் கம்பியை எடுத்துவிட்டார்கள். வாய் ஒரு விரல் அகலம்தான் திறக்கிறது. அவன் இன்னும் உள்ளே இருக்கிறான். புருஷனை விட்டுப் பிரியக் குலா கேட்டு ஜமாஅத்தில் அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள். கொடுப்பதற்கு முன் அவள் இரண்டு ரக்அத் தொழுததைப் பார்த்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை.

இன்று ஜும்ஆவுக்குப் பிறகு ஆசாரி புதுக் கதவை மாட்டினார். வெறும் பலகை, இழைத்த வாசனை. "என்ன கலர் அடிக்கலாம்?" என்றார்.

எதற்கும் என்னைக் கேட்பதுதான் வீட்டுப் பழக்கம். அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். புருவத்தில் வடுவோடு நின்ற அத்தா எங்கள் இரண்டு பேரையும் தாண்டிக் கூடத்துக்குள் போனார். ஐந்து வாரத்தில் முதல் தடவையாகத் தங்கச்சியின் பாய் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"நீ சொல்லும்மா. உனக்கு என்ன தோணுது?"

அவள் யோசித்தாள். ஆசாரி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். துருப்பிடித்த மாதிரி ஒரு குரல் வந்தது.

"இப்பவே சொல்ல முடியாது அத்தா. நாள் ஆகும்."

"எத்தனை நாள் வேணும்னாலும் எடுத்துக்க," என்றார் அத்தா.