கம்பனியும் வீடும்

20.02.2024
குருக்கள்மடம் பள்ளிக்கூடத்தில் வர்த்தகம் படிப்பித்த காலத்தில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "கம்பனி சட்டப்படி ஒரு ஆள் எண்டு சொல்றீங்க டீச்சர். அந்த ஆள் சாகுமா?" சாகாது, அதுதான் அதன் சிறப்பு என்றேன். வகுப்பு சிரித்தது.

இன்று வங்கி வரிசையில் நின்றபோது அது ஞாபகம் வந்தது. என் கணவருடைய முப்பத்தோராம் நாள் கிரியையும் முடிந்துவிட்டது. அமிர்தகழியில் வாவிக் கரையோரம் இவர் நடத்திய ஐஸ் பெக்டரி பூட்டிக் கிடக்கிறது. கணக்கும் அனுமதிப்பத்திரமும் நல்லரத்தினம் என்ற ஒரே பெயரில். அந்த ஆள் இல்லை என்றதும் எல்லாம் நின்றுவிட்டன. கவுண்டரில் இருந்த பெண் "சொறி மெடம்" என்றாள். அழுகை வரவில்லை. வெளியே வந்து, எந்தப் பக்கம் போவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

22.02.2024
மழை. பகல் முழுக்கப் படுத்திருந்தேன். நித்திரை இல்லை.

03.03.2024
மருமகன் உதயரூபன் பெக்டரியைத் திரும்பத் திறக்கப் பார்க்கிறார். "கம்பனியாப் பதிவம் மாமி. நீங்க, தனுஷியா, நான், மூணு பேரும் பணிப்பாளர். கடன் எடுத்துப் புது மெஷின் போடுவம். நட்டம் வந்தாலும் கம்பனிக்குத்தான். வீட்டுக்கு ஒண்டும் வராது."

நானும் அப்படித்தான் படிப்பித்தேன். தனி வியாபாரம் டியூஷன் வகுப்பு மாதிரி. மாஸ்டர் காய்ச்சலில் படுத்தால் வகுப்பு இல்லை. கம்பனி பள்ளிக்கூடம் மாதிரி. அதிபர் மாறினாலும் மணி அடிக்கும்.

பாதகத்தையும் சொன்னேன். வருடாவருடம் அறிக்கை அனுப்ப வேண்டும். செயலாளர், கணக்காளர், ஒவ்வொருவருக்கும் கட்டணம். அதைவிட முக்கியம் லாச்சி. வாசலுக்கு மீன்காரன் வந்தால் இவர் மேசை லாச்சியை இழுத்துக் காசு கொடுப்பார். கம்பனியானால் அந்தக் காசு நம்முடையது இல்லை.

"அப்ப கறிக்கு ஆரிட்டக் கேக்குற மாமி?"

"கம்பனிட்டச் சம்பளம் வாங்குங்க மருமகன்."

அவர் சிரித்தார். மகள் தனுஷியாவும் சிரித்தாள். நான் சிரித்தேனா?

09.03.2024
சாலிஹ் வந்தார். காத்தான்குடி மீன் வியாபாரி, இவருடைய பழைய வாடிக்கை. நின்றபடியே கேட்டார்: "கம்பனி ஆக்கப் போறீங்களாமே டீச்சர்? அண்ணன் இருந்தா, ஐஸ் சின்னனா இரிக்கி எண்டு அவரோட சண்ட புடிப்பன். இனி நான் ஆரோட சண்ட புடிக்கிற?"

"மருமகனோட புடியுங்க."

"அவரு சண்டைக்கி வாறாரில்லியே! எப்ப ஐஸ் எண்டு கேட்டா ஈமெயில் போடச் சொல்றாரு."

அவர் போன பிறகுதான் நினைத்தேன், தேத்தண்ணீர் கொடுக்கவில்லை.

19.03.2024
மூன்று பேரும் வங்கிக்குப் போனோம். கடன் பகுதி அதிகாரி மரியாதையான பிள்ளை. "கம்பனி புதுசு டீச்சர். அதுக்கிட்ட இன்னும் ஒண்டும் இல்ல. அதால பணிப்பாளர்மார் தனிப்பட்ட முறையிலயும் பிணை வைக்கணும். வீட்டு உறுதிப் பத்திரமும் வேணும்."

கரும்பலகையில் ஒரு பெட்டி கீறிக் கம்பனி என்று எழுதுவேன். தள்ளி இன்னொரு பெட்டி, வீடு. நடுவில் தடித்த கோடு. அந்தக் கோட்ட நாங்களே கையெழுத்து வச்சு அழிக்கணுமாம். நட்டம் வந்தா வீடு போகும். அப்ப என்னத்துக்குக் கம்பனி? அதுக்கு ஒரு செயலாளர், ஒரு கணக்காளர் வேற—

வீடு தனுஷியாவின் பெயரில் இருக்கிறது. கல்யாணத்துக்கு எழுதிக் கொடுத்தோம், இங்கே பெண் பிள்ளைக்கு எழுதுவதுபோல. சாகும்வரை இருக்கும் உரிமையை மட்டும் நாங்கள் வைத்துக்கொண்டோம். ஆகவே அவளும் நானும் கையெழுத்து வைத்தால்தான் வீட்டை ஈடு வைக்கலாம். நாளைக்கு அவளுடைய மகளுக்குப் போக வேண்டிய வீடு.

20.03.2024
சாப்பிடும்போது உதயரூபன் சொன்னார்: "மாமா இருந்திருந்தா யோசிக்காம வச்சிருப்பார்."

உண்மையாக இருக்கலாம். கோபம் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட முரசு மாதிரி இருக்கிறேன். தொட்டால் தெரிகிறது, நோகவில்லை.

24.03.2024
வீட்டு விஷயத்தில் தனுஷியா இன்று பேசினாள். பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டே, எங்கள் இருவரையும் பார்க்காமல்:

"அப்பா போன அண்டைக்கே எல்லாம் நிண்டுட்டு. நாளைக்கு எங்கள்ல ஒராளுக்கு ஒண்டெண்டாலும் அப்பிடி நிக்கப்படா. அதுக்காகக் கம்பனி ஆக்குவம். ஆனா வீட்ட நான் வைக்கமாட்டன்."

"அப்ப புது மெஷின்?" என்றார் உதயரூபன்.

"பழசத் திருத்துங்க."

"பழைய மெஷினுக்கு ஒரு கம்பனியா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நம்மட வீட்டுக்குள்ள இருந்து கேப்பம்."

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழும்பிப் போனார். "அம்மா, நீங்க?" என்றாள். நானும் வைக்கமாட்டேன் என்றேன். என் குரல் யாரோ வாசிக்கிற மாதிரி இருந்தது.

28.03.2024
மருமகன் என்னோடு இன்னும் கதைக்கவில்லை. பழைய மெஷினைக் கழற்ற ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனாராம்.

11.06.2024
கம்பனி பதிந்தாயிற்று. பெயரில் இவர் இல்லை. பிள்ளைகள் வேறு பெயர் வைத்தார்கள். மெஷின் ஓடுகிறது, முந்தி மாதிரிக் கொஞ்சமாகத்தான் ஐஸ் கட்டுகிறது. உதயரூபன் என்னோடு கதைக்கிறார், தேவைக்கு மட்டும்.

பின்நேரம் சாலிஹ் வந்தார். "என்ட லொறியையும் கம்பனி ஆக்கட்டா டீச்சர்? இந்த வயசில பணிப்பாளர் எண்டு சொல்லித் திரியலாமே."

நல்லதையும் சொன்னேன், கெட்டதையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் உதாரணம். நீண்ட நேரம் பேசியிருக்கிறேன். தொண்டை காய்ந்த பிறகுதான் தெரிந்தது. அவருக்கு வீட்டுப்பாடமும் கொடுத்து அனுப்பினேன்: பதிவதற்கு முன் வங்கிக்குப் போய், கம்பனி கடன் எடுத்தால் நீங்களும் தனிப்பட்ட பிணைக்குக் கையெழுத்து வைக்க வேண்டுமா என்று கேளுங்கள், வருகிற பதிலை, வீடு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.