ஈரக் கையுறையும் டீசல் அடுப்பும்

மோல்டே,
அக்டோபர் 12

அன்புள்ள மகன் எய்வினுக்கு அம்மா எழுதுவது. மழை விடாததுதான் குறை, மற்றபடி நாங்கள் இருவரும் சௌக்கியம். ஆஸ்திரேலிய வெயிலில் நீயும் வாடாமல் இருக்க வேண்டும். போன கடிதத்தில் மை பரவி இரண்டாம் பக்கத்தைப் படிக்கவே முடியவில்லை என்றாயே, அதை அப்போது ஈரமாய்க் கிடந்த படகில் உட்கார்ந்துதான் எழுதினேன். இதையும் அங்கேதான் எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துக்கொள்.

ஈரமான இடத்தில் படுத்தால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொன்னதும் உன் அப்பா யாரையும் கேட்காமல் குளிர்காய ஒரு மண்ணெண்ணெய் அடுப்பை வாங்கி, நாங்கள் படுக்கும் படகறைக்குள் வைத்தார் அல்லவா? சூடு என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் சுவரெல்லாம் நீர் வழியும், மெத்தையின் அடிப்பக்கம் சொதசொத என்றிருக்கும், இருமல் வேறு. இந்த ஊர்க்காரர்களுக்குப் படகுக்குள் ஒரு சொட்டு நீரைக் கண்டால் போதும், மேல்தளம் ஒழுகுகிறது என்பார்கள். ஆகஸ்ட் முழுக்க அவர் முட்டிபோட்டுக்கொண்டு பலகை இடுக்கையெல்லாம் சுரண்டிச் சுரண்டி அடைத்தார். அடைக்க அடைக்க உள்ளே ஈரம் கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் மனம் விட்டுப்போய், "வித்துடலாம் கூன்வோர், எனக்கும் வயசாச்சு, நம்ம லொம்விப் படகுக்கும் வயசாச்சு" என்றார். முப்பது வருஷமாய் அந்தப் படகோடு வாழ்ந்த மனுஷர் அப்படிச் சொன்னபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே இருந்தேன். பெர்கனிலிருந்து ஒருவர் செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை பார்க்க வருவதாகப் பேச்சும் ஆகிவிட்டது.

அப்போதுதான் நீ போனில், "அம்மா, அந்த அடுப்புக்குப் புகைபோக்கி இருக்கா? இல்லேன்னா எண்ணெய் எரியறப்போ வர்ற நீராவி பூரா உள்ளேயேதான் நிக்கும், விஷப்புகையும் சேரும், முதல்ல அணைக்கச் சொல்லு" என்றாய். அப்பாவிடம் சொன்னேன். "நெருப்புலேர்ந்து தண்ணி வருதாம், உன் பிள்ளை ஊர்ல அப்படித்தான் போல" என்று நக்கலடித்தார். ஆனாலும் அணைத்துவிட்டார். மறுநாளிலிருந்து நான் ஒரு கம்பளிக் கையுறையை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு, துறையிலுள்ள படகுகளுக்கு ஒவ்வொன்றாகக் காப்பி குடிக்கப் போனேன். நான் இரண்டு கோப்பை குடிப்பதற்குள் யார் அடுப்பு அதைக் காயவைக்கிறது என்று பார்ப்பதுதான் கணக்கு. காஸ் அடுப்பில் அது கதகதப்பாக நனைந்தே இருந்தது. தூர்ஸ்டைனின் விறகடுப்பு நன்றாகக் காயவைத்தது, ஆனால் பாதிப் படகைப் பூர்ச்ச விறகு பிடித்துக்கொள்ள, மீதியில் பாவம் அவர் முடங்கிப் படுக்கிறார். இன்னொருவரிடம் டீசலில் சூடுகாற்று ஊதும் இயந்திரம், அதன் இரைச்சலில் காது போயிற்று, விடிவதற்குள் பேட்டரியும் தீர்ந்துவிடுமாம். ஹால்டிஸின் படகில்தான் சொட்டுச் சொட்டாய் டீசல் விழுந்து சத்தமில்லாமல் எரியும் அடுப்பு, கரண்டே வேண்டாம், இன்ஜின் டாங்கி எண்ணெயே போதும், புகைபோக்கி மேல்தளத்தைத் தாண்டி நிற்கிறது. கையுறை மொடமொட என்று காய்ந்துவிட்டது.

அதே மாதிரி ஒன்று வாங்கினோம். ஹால்டிஸ் தானே வந்து பொருத்தினாள். புகைபோக்கிக்கு மேல்தளத்தில் கையகல ஓட்டை போட வேண்டும் என்றதும், ஒரு மாதமாய் ஓட்டை அடைத்த உன் அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார். "கண்ணைத் திறங்க ஸ்வெர்ரெ, உங்க படகு சாகல, மூச்சு விடுது" என்று அவள் சிரித்தாள். அன்றிரவு அவர் ஒருமுறைகூட இருமவில்லை. நான்தான் இருமல் கேட்கவில்லையே என்று பயந்து இரண்டு தரம் எழுந்து பார்த்தேன். சனிக்கிழமை வந்த பெர்கன்காரரிடம், "படகு விக்கறதுக்கில்ல, காப்பி இருக்கு, குடிச்சிட்டுப் போங்க" என்றார். எங்கேயோ இருந்துகொண்டு நீ கேட்ட ஒரு கேள்வி உன் அப்பாவை எனக்கு முழுசாய்த் திருப்பிக் கொடுத்தது. உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, பிள்ளைக்கு நன்றி சொல்லும் வழக்கமும் நமக்கில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

நீ நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாயிருக்க வேண்டும். அப்பாவிடம் பேசும்போது, குளிர்கிறதென்று காற்றுத் துவாரத்தில் காலுறையைத் திணிக்கக் கூடாது என்று மறக்காமல் சொல், நான் சொன்னால் கேட்பதில்லை. விஷப்புகை அலாரமும் மாட்டியாயிற்று. இதோடு அந்தக் கையுறையை வைத்திருக்கிறேன். அந்த வெயிலில் இது எதற்கு என்று சிரிப்பாய். இதன் ஜோடி இங்கே அடுப்புக்கு மேலே தொங்குகிறது, எதிரே படுக்கும் பலகையில் உன் படுக்கையும் காய்ந்து கிடக்கிறது.

என்றும் உன் அம்மா,
கூன்வோர்