ஒரு நாள் கேட்டாள்

செப். 9, செவ்வாய்

வெயில். காலையிலேயே இரண்டு தடவை கரண்ட் போனது. இரண்டாம் மெஷினில் ரோலர் தகராறு.

பதினோரு மணிக்கு ஜவுளிக்கடை ஆர்டர் ஒரு லோடு முழுதும் திரும்பி வந்தது. தினசரி காலண்டர். ஆவணி, புரட்டாசித் தாள்களில் புதன்கிழமை ராகுகாலம் வியாழனிலும், வியாழக்கிழமையுடையது புதனிலும். இரண்டு மாதமும் அப்படியே.

முதலாளி பைண்டிங் செக்‌ஷனுக்கே இறங்கி வந்தார். எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். யார் பார்த்தது என்று கேட்டார்.

“ஜெயக்கொடி பார்த்தா” என்றேன்.

பொய் இல்லை. அச்சுக்கு முன் புரூஃப் பார்த்துத் திருத்துவது அவள் வேலை. மீதியைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சிவப்புப் பேனாவோடு நின்றாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். கையிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் ஏதோ இருப்பதுபோல.

“ராகுகாலம் தெரியாத ஆளுக்கு இங்கன என்ன வேலை?” என்றார் முதலாளி. அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தன் மேஜைக்குப் போனாள்.

நாளைக்கு: பேப்பர் கம்பெனிக்குப் போன். ரோலர். புஷ்பத்துக்கு பி.பி. மாத்திரை. ஜெ.யிடம் பேச வேண்டும்.

செப். 10, புதன்

ஜெ. வரவில்லை. போனும் எடுக்கவில்லை. நான்கு வருஷத்தில் சொல்லாமல் லீவு போட்டதே இல்லை.

என் டிராயரில் அந்த புரூஃப் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். ஆடி மாதத் தாள்களில் இதே தப்பைக் கண்டுபிடித்ததே அவள்தான். ஓரத்தில் அவள் கையெழுத்து: ‘ஆவணி, புரட்டாசியும் இப்படி இருக்கலாம். பார்க்க ஒரு நாள் வேண்டும்.’ அதற்குக் கீழே நான்: ‘ஆடி மட்டும் திருத்தி அச்சுக்கு.’ கையெழுத்து, தேதி.

அன்றைக்கு நேரிலும் வந்து கேட்டாள். மெஷின் சும்மா கிடக்கிறது, உனக்கு எல்லாமே சந்தேகம் என்று சொல்லி அனுப்பினேன். கூட இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நானும்.

புரூஃபை மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினேன்.

செப். 12, வெள்ளி

ரோலர் மாற்றியாச்சு. மாத்திரை மறந்துபோனது.

ராத்திரி வீட்டில் புஷ்பத்திடம் சொன்னேன். அவள் டீச்சர், எதையும் கேள்வியாகத்தான் கேட்பாள். “எங்க ஹெச்.எம். இப்படிச் செஞ்சிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீக?”

போன வருஷம் ஒரு பையனின் அப்பா பள்ளிக்கூடத்துக்குச் சண்டைக்கு வந்தபோது, அந்த ஹெச்.எம். இவளுக்காக வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரம் அந்த ஹெச்.எம். அம்மாவைத் திட்டித் தீர்த்தவன் நான்.

செப். 13, சனி

புரூஃபை எடுத்துக்கொண்டு முதலாளி ரூமுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். படித்தார். கோபப்படவில்லை. டீ சொன்னார்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா வேற. அம்புட்டுப் பேரு முன்னாடி அந்தப் பிள்ளையப் பேசிட்டேன். இனி நான் எறங்கிப் போகவா? விடுங்க. வேற ஆளு திங்கக்கிழமை வருது.”

இது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் நெஞ்சு லேசானது. ஏன் லேசானது என்று யோசித்ததும் வெட்கமாகப் போயிற்று.

செப். 14, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்துத் தாயில்பட்டி, ஜெ. வீட்டுக்கு. பையில் இரண்டு பாக்கெட் பிஸ்கட். கொடுக்கக் கூச்சமாக இருந்தது.

ஜெ. உட்காரச் சொன்னாள். குடிக்கக் கலர் வாங்கி வரச் சொல்லி அம்மாவை அனுப்பினாள். அவள் நகக்கண்களில் வெள்ளி நிறம். மருந்து. வியாழக்கிழமையிலிருந்து பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறாளாம்.

அவள் அக்கா பட்டாசு விபத்தில்தான் இறந்தாள். அதற்குப் பிறகு அந்த வேலையே வேண்டாம் என்று பிரஸ்ஸுக்கு வந்தவள் இவள். வேலை கேட்டு வந்த அன்றைக்கே சொன்னாள். நான்தான் அவளைச் சேர்த்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். முதலாளியிடம் சொன்னதையும் சொன்னேன். 

“எனக்காக நீங்க சண்டை போடணும்னு நெனைக்கலை சார். நடந்ததை நடந்தபடி சொல்லுவீகன்னு நெனச்சேன். அது போதும்னுதான் அன்னைக்கு நின்னேன்.”

மறுபடி வரச் சொல்ல எனக்கு வாய் இல்லை. அவளே ஒன்று கேட்டாள். சிவகாசியில் இன்னொரு பிரஸ்ஸில் புரூஃப் ரீடர் வேலை இருக்கிறதாம். பழைய வேலையிலிருந்து ஏன் நின்றாய் என்று கேட்கிறார்களாம். கடிதம் தர முடியுமா?

கம்பெனி தாளில் முடியாது, என் பெயரில் தருகிறேன் என்று அங்கேயே நோட்டில் எழுதினேன். திறமையானவர், நேர்மையானவர், ஒரு ஆர்டரில் எதிர்பாராமல் தவறு நேர்ந்துவிட்டது, அதற்கு இவர் காரணமல்ல.

பென்சிலை எடுத்துக்கொண்டு, புரூஃப் பார்ப்பதுபோலவே வரிவரியாகப் படித்தாள். ஒரு இடத்தில் பென்சில் நின்றது.

“‘தவறு நேர்ந்துவிட்டது’ன்னு இருக்கு. யாரு செஞ்சதுன்னு இல்லையே சார்.”

வேறு தாள் எடுத்தேன். ‘மீதித் தாள்களைப் பார்க்க இவர் ஒரு நாள் கேட்டார். நான் கொடுக்கவில்லை. தவறு என்னுடையது.’ கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு தடவை படித்தாள். “இப்பச் சரி” என்றாள்.

செப். 19, வெள்ளி

புதிய ரீடர் கெட்டிக்காரர். எதையும் திருப்பிக் கேட்பதில்லை. எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

மத்தியானம் ஜெ. போன். கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினாளாம். போன வாரமே ஆள் எடுத்துவிட்டார்களாம். இடம் வந்தால் சொல்கிறோம் என்றார்களாம். “பரவால்ல சார். கடுதாசி எங்கிட்ட இருக்குல்ல” என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

ஒன்பதாம் தேதியே வாயைத் திறந்திருந்தால் அவளுக்குக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

செப். 23, செவ்வாய்

மூன்று மணிக்கு தாயில்பட்டி, வெம்பக்கோட்டைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. இடி. மின்னல் நேரத்தில் பட்டாசு வேலையை நிறுத்திவிட வேண்டும். நிறுத்துவார்களா? தீபாவளி ஆர்டர் நேரம்.

ஜெ.க்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மெஷின் சத்தம் கேட்காத இடமாகப் போய் மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள். போகவில்லை.

நான்காவது தடவை எடுத்தாள். வேனுக்குள் நிறையப் பெண்கள் பேசும் சத்தம்.

“மழை கட்டவுமே அனுப்பிட்டாக சார். வீட்டுக்குப் போயிக்கிட்டிருக்கேன். என்ன விஷயம், சொல்லுங்க.”

 சாப்பிட்டாயா என்று கேட்டேன்.