அக்கா தலைக்குள் என் நட்சத்திரங்கள்

மார்ச் 3
என் க்ளையா வீடியோ பிய்த்துக்கொண்டு போகிறது! மூளை என்றாலே எல்லாரும் நரம்புச் செல்லைத்தான் பேசுவார்கள். கூடவே இருக்கும் க்ளையா செல்களை வெறும் பசை என்று ஒதுக்கிவிட்டார்கள், பாவிகள். நட்சத்திரம் மாதிரி இருக்குமே ஆஸ்ட்ரோசைட், அதுதான் என் செல்லம். நரம்புச் செல்கள் பேசிக்கொள்ளும் இடத்தை அணைத்துக்கொண்டு, தீனி கொடுத்து, சிந்தியதைத் துடைத்து... அது ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் புதிதாகக் கற்றது எதுவும் மனதில் நிற்காது.

பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்த அக்கா பார்த்தாள். “நல்லாருக்கு புரொபசர். மொதல்ல போய் தட்டைக் கழுவு.”

மார்ச் 9
அக்கா டிரைவர் சீட்டிலேயே வலிப்பு வந்து சரிந்துவிட்டாள். டிப்போவுக்குள்தான். பஸ் நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டுதான் இருந்தது.

மார்ச் 14
ஸ்கேனில் கட்டி. இடது காதுக்கு மேலே. க்ளையோமா என்றார் சர்ஜன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நீ எப்பவும் சொல்லுவியே, அதுவா?”

அதேதான்மா. அதே செல்தான் புத்தி கெட்டுப் பெருகியிருக்கு.

மெதுவாக வளரும் வகையாகத் தெரிகிறதாம். ஆனால் பேச்சுக்கும் ஞாபகத்துக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. “பழசு பெரும்பாலும் இருக்கும். புதுசா மனசுல ஏத்துறதுதான் கஷ்டமாகலாம்” என்றார். அக்கா எப்படிப் புது ரூட் கற்றுக்கொள்வாள்?

வீடியோ போட்ட என் பக்கத்தையே அழித்துவிட்டேன்.

மார்ச் 20
விழித்திருக்கும்போதே ஆபரேஷனாம். மண்டையைத் திறந்து, லேசாக கரண்ட் வைத்து, படத்தைக் காட்டி “இது என்ன?” என்று கேட்பார்கள். அவள் தடுமாறும் இடத்தை வெட்ட மாட்டார்கள். அக்கா சிரிக்கிறாள்: “மண்டைக்குள்ளயே லைசென்ஸ் டெஸ்ட்டா?”

பேச்சுப் பயிற்சி தரும் மேடம், ஆபரேஷனில் காட்டப்போகும் படங்களைப் போனில் அனுப்பி, வீட்டிலேயே பழகச் சொன்னார்.

மார்ச் 23
குடை, ஏணி, ஆமை, கத்தரிக்கோல்... சாப்பிடக்கூட விடாமல் படுத்தி எடுத்தேன். இன்றைக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை! குதித்தேன். கற்றுக்கொள்கிறாளே! அந்தக் கட்டியால் ஒன்றும் பிடுங்க முடியவில்லை!

மார்ச் 24
மேடம் குடையைக் காட்டினார். “குடை” என்றாள். அடுத்த படம் வருவதற்குள்ளேயே “ஏணி”.

மேடம் நிறுத்தினார். “தினமும் இதே வரிசையிலதான் காட்டினீங்களா?”

வரிசையைக் கலைத்துக் காட்டினார். ஆமை. அக்கா அதையே பார்த்தாள். “அது... மேல ஓடு இருக்கும்... மெதுவா...” வரவேயில்லை. கத்தரிக்கோலும் வரவில்லை. விரலால் வெட்டிக் காட்டினாள்.

ஐயோ, பார்த்துச் சொல்லவேயில்லை. ஒப்பித்திருக்கிறாள். பொருள்களோட பேரெல்லாம் அவளுக்கு ஏற்கெனவே மறந்துகொண்டிருக்கு.

“நல்லவேளை இப்பவே தெரிஞ்சுது. ஆபரேஷன்ல வாய் தானா ஓடிட்டே இருந்திருக்கும். பேச்சு நல்லாருக்குன்னு நம்பி வெட்டியிருப்பாங்க.” மேடம் திட்டக்கூட இல்லை.

வெளியே வந்து அக்காவிடம் கத்திவிட்டேன். “உனக்குத் தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானே!”

“நீ குதிச்சியேடி. அப்புறம் எப்படிச் சொல்றது?”

மார்ச் 25
கலைத்துக் கலைத்துக் காட்டி, நிஜமாகவே தெரிந்தவற்றை மட்டும் மேடம் எடுத்துக்கொண்டார். படங்கள் பாதியாகக் குறைந்துவிட்டன.

மார்ச் 28
உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. இப்போ எந்தப் படம் காட்டுறாங்களோ.

மார்ச் 29
பெரும்பகுதியை எடுத்துவிட்டார்களாம். “ரெண்டு இடத்துல பேச்சு நின்னுச்சு. அங்க மட்டும் தொடாம விட்டுட்டோம்” என்றார் சர்ஜன்.

கண் விழித்ததும் “ஆபரேஷன் எப்போ?” என்றாள். முடிஞ்சிடுச்சுக்கா என்றேன். கொஞ்சம் கழித்து, “ஆபரேஷன் எப்போ?”

அம்மா வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 2
வார்டில் என் போனில் நெட் வரவில்லை. நேற்றுதான் நர்ஸ் வைஃபை பாஸ்வேர்டு சொன்னார். எனக்கு மறந்தே போச்சு. இன்னொரு தடவை கேட்கலாம் என்று எழுந்தேன்.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. “உனக்கு... அதான்... நெட்டுக்கு... உள்ள போக, அது...” பேர் வரவில்லை. உதட்டைக் கடித்தாள். எடுத்துக் கொடுக்காமல் நின்றேன்.

“சரி விடு. ப்ளூ கேட், நாலு ஏழு ஏழு. நேத்து அந்தம்மா சொன்னப்ப நீ எங்க பாத்துட்டிருந்த?”

அடித்துப் பார்த்தேன். கனெக்ட் ஆகிவிட்டது.